பைபர் படகுக்கு நம் ஊரில் பனிக்காலம் உண்டா?

கனடாவில் வேலை பார்க்கும் பழையாற்றுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் அப்பா வாங்கிய 28 அடி பைபர் படகுக்கு இப்போது பன்னிரண்டு வயது. மழைக்காலத்தில் பாதி நாள் கொள்ளிட முகத்துவாரத்தில் கட்டிக் கிடக்கிறது, மீதி நாள் மணலில் கிடக்கிறது. அடிப்பக்கத்தில் வேர்க்குரு போலக் கொப்புளங்கள் வந்திருக்கின்றன. கனடாவில் அக்டோபர் பிறந்தால் படகுகளைத் தூக்கி வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, எஞ்சினுக்குள் உறையாத திரவம் ஊற்றி வைப்பதைத் தம்பி பார்த்திருக்கிறார். "நம் படகுக்கும் அதுபோல ஏதாவது செய்ய வேண்டுமா? கொப்புளத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார்களே, சரியா? இல்லை, விற்றுவிட்டுப் புதிது வாங்குவதா?" இவைதாம் கேள்விகள்.

நான் மரப்படகின் பலகை இடுக்குகளை அடைக்கிற கலப்பத்து வேலை செய்து வளர்ந்தவன். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாகை பக்கம் பைபர் வேலை. எனவே கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

பிளாஸ்டிக் வேண்டாம், உறையாத திரவமும் வேண்டாம். ஆனால் கனடாக்காரர் எதற்குப் பயந்து அதையெல்லாம் செய்கிறாரோ, அந்தப் பயம் நமக்கும் வேண்டும். அங்கே பகை பனிக்கட்டி என்று தோன்றும். உண்மையில் பகை தண்ணீர்தான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. மயிரிழை வெடிப்புக்குள் புகுந்த சொட்டு உறைந்தால் வெடிப்பை நெம்பி அகலமாக்கும். இளகும்போது அந்த அகலமான இடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேரும், மறுபடி உறையும். மேல்தளத்தில் இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டிய படகு என்றால், உள்ளே ஊறிய மரம் உறைந்து தகட்டையே பிரித்துவிடும். எஞ்சினுக்குள் நின்ற தண்ணீர் உறைந்தால் வார்ப்பிரும்பே பிளக்கும். அதனால் அவர்கள் முதலில் செய்வது மூடுவது இல்லை, வடிப்பது. அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, தூக்கி வைத்து, பின்பக்க வடிகால் துளையை அடைத்திருக்கும் தக்கையைப் பிடுங்கி, ஒரு சொட்டு இல்லாமல் வடித்த பிறகுதான் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கிலும் காற்றுப் போக வழி வைப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் போர்வையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், பிடுங்கிய தக்கையை யாரும் பார்ப்பதில்லை.

நம் கடற்கரையில் மார்கழி இரவிலும் வெப்பம் இருபது டிகிரிக்கு அருகில்தான் நிற்கும். எதுவும் உறையப் போவதில்லை. ஆனால் ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியதிலிருந்து தை பிறக்கும் வரை பைபர் படகுக்கு நம் ஊரிலும் ஒரு கெட்ட காலம் உண்டு. அது எப்படி வருகிறது என்று தெரிய வேண்டுமானால் பைபர் என்பது என்னவென்று தெரிய வேண்டும்.

கஞ்சி போட்ட வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேட்டிதான் கண்ணாடி இழை, கஞ்சிதான் ரெசின் என்ற இறுகும் பிசின். பலம் வேட்டியில் இருக்கிறது, விறைப்பு கஞ்சியில் இருக்கிறது. அச்சுக்கு மெழுகு தடவி, முதலில் ஜெல்கோட் என்ற நிறப்பூச்சை அரை மில்லிமீட்டர் அளவுக்கு அடிப்பார்கள். வெளியே பளபளவென்று நீலமாகவோ வெள்ளையாகவோ தெரிவது அதுதான். அதற்கு மேல், துண்டு துண்டாக வெட்டிய இழைகளை அழுத்திச் செய்த மேட் ஒரு அடுக்கு, ரெசின் தோய்த்து. பிறகு பாய் போல நெய்த ரோவிங் ஒரு அடுக்கு. இப்படி மாறி மாறி. மேட் சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் என்று வரும். ரோவிங் 600 கிராம் சுமாருக்கு வரும். கஞ்சி அதிகமாகிப் போனால் வேட்டி மடிப்பில் முறியுமே, அதேபோல ரெசின் அதிகமான படகு உடலும் அலையடியில் முறியும். மேட் மட்டும் போட்ட இடத்தில் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இழை நிற்கும். ரோவிங்கில் பாதி வரை இழை நிற்கும். சிக்கனம் பார்க்கிற பட்டறைக்காரர் ரோவிங்கைக் குறைத்து மேட்டைக் கூட்டுவார். கனம் காட்டும், பலம் காட்டாது.

ஜெல்கோட் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கம், நீங்கள் வலை போட்டு, ஐஸ் பெட்டி வைத்து, காலால் மிதிக்கிற பக்கம், பெரும்பாலும் வெறும் ரெசின்தான். நல்ல பட்டறைகளில் மெழுகு கலந்த பூச்சு ஒன்று உள்ளேயும் அடிப்பார்கள். அதுவும் இரண்டு பருவத்தில் கால்பட்டுத் தேய்ந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ரெசினிலும் சாதி உண்டு. மலிவானது ஆர்த்தோ பாலியெஸ்டர். அதைவிடத் தண்ணீர் தாங்குவது ஐசோ பாலியெஸ்டர். அதற்கும் மேலே வினைல் எஸ்டர். எல்லாவற்றுக்கும் மேலே எபாக்சி, விலையும் மேலே. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் பெரும்பாலும் கட்டுமரம் போய் பைபர் வந்தது. இழந்தவனுக்கு உடனே தொழில் வேண்டும், கொடுப்பவருக்கு உடனே கணக்குக் காட்ட வேண்டும். அந்த அவசரத்தில் உருவான படகுகளில் நல்லவையும் உண்டு, பெயருக்குப் படகானவையும் உண்டு. ஆனால் எல்லாவற்றோடும் ஒரு பேச்சு சேர்ந்து வந்தது: "மரம் மாதிரி இல்லை, பைபருக்குப் பராமரிப்பே வேண்டாம்." மரப்படகுக்கு ஆண்டுதோறும் புன்னை எண்ணெய் பூசி, கலப்பத்து அடித்து அலுத்தவர்களுக்கு அது தேனாக இனித்தது. நானும் அதை நம்பினேன், நாலு பேருக்குச் சொல்லவும் செய்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாலியெஸ்டர் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் முழுவதுமாகத் தடுக்காது. மிக மெதுவாக, நீராவி அளவில், ஜெல்கோட் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உள்ளே சரியாக இறுகாத ரெசின் மிச்சம், மேட்டை ஒட்டவைத்த பசை, அடுக்குக்கு நடுவே சிக்கிய காற்றுக் குமிழி என்று ஏதாவது இருந்தால், இந்தத் தண்ணீர் அதில் கரைந்து ஒரு புளிப்புச் சாறாகிவிடும். பிறகு நடப்பது உலர்ந்த திராட்சையின் கதை. திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் இனிப்பு வெளித் தண்ணீரை இழுத்துத் திராட்சை உப்பும். அதேபோல உள்ளே இருக்கும் சாறு வெளித் தண்ணீரை இழுக்கும், ஜெல்கோட் உப்பும். அதுதான் உங்கள் வேர்க்குரு. ஊசியால் குத்தினால் பிசுபிசுப்பாக ஒரு நீர் வரும், காடி நாற்றம் அடிக்கும். குத்தும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். அழுத்தத்தில் பீறிட்டு அடிக்கும், அமிலம்.

இப்போது அதே திராட்சையை உப்புக் கரைசலில் போட்டுப் பாருங்கள். அவ்வளவு உப்பாது. வெளித் தண்ணீரிலும் உப்பு கரைந்திருப்பதால் இழுப்பு குறைகிறது. படகுக்கும் அப்படியே. கடல் தண்ணீரில் மெதுவாக வருகிற கொப்புளம், நல்ல தண்ணீரில் வேகமாக வரும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் இன்னும் வேகமாக வரும். மீனவர்கள் நேர்மாறாக நினைக்கிறார்கள்: உப்புதான் அரிக்கும், ஆற்றுத் தண்ணீர் கழுவிக்கொடுக்கும் என்று. இரும்புக்கு அது உண்மை. பைபருக்கு இல்லை.

பழையாற்றில் கட்டிய படகை நினைத்துப் பாருங்கள். மேட்டூர் நிரம்பிய ஆண்டில் ஆடி, ஆவணியில் உபரி முழுவதும் முக்கொம்பில் திரும்பிக் கொள்ளிடத்தில்தான் வருகிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வடிகாலெல்லாம் சேர்ந்து மறுபடி வருகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் உப்பங்கழியாக இருக்கிற முகத்துவாரம் அப்போது வாரக்கணக்கில் நல்ல தண்ணீர். கடலும் கொந்தளிப்பாக இருப்பதால் படகு தொழிலுக்குப் போகாமல் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் மணலில் ஏற்றி வைக்கிற படகுகளில் இந்தக் கொப்புளம் நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆற்றுமுகத்திலும் முத்துப்பேட்டைப் பக்கத்து வாய்க்கால்களிலும் கட்டிக்கிடக்கிற படகுகளில்தான் அதிகம். உங்கள் அப்பா படகை நன்றாகத்தான் வைத்திருந்திருப்பார். நல்ல தண்ணீரில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

மணலில் ஏற்றினால் சரியாகிவிட்டதா? இங்கேதான் அந்த உள்பக்கம் வருகிறது. 28 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள படகின் வாய், முன்பக்கக் கூர்மையைக் கழித்தால் சுமார் 10 சதுர மீட்டர். புயல் சின்னம் ஒன்று வந்தால் நம் கடற்கரையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது புதிதல்ல. பத்து சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் என்றால் 1,000 லிட்டர், அதாவது ஒரு டன். தக்கை அடைத்தபடி கிடக்கிற படகுக்குள் ஒரு இரவில் ஒரு டன் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. படகின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். மிதக்கும்போது அந்தப் பாரத்தைத் தண்ணீர் அடிமுழுவதும் பரவித் தாங்கும். மணலில் இரண்டு பனங்கட்டைகளின் மேல் வைத்திருந்தால் இரண்டே கோட்டில் தாங்க வேண்டும். அடியின் நடுமுதுகான ஏராவுக்குப் பக்கத்திலும் பக்கவாட்டு மடிப்பிலும் நட்சத்திர வடிவத்தில் வெடிப்பு விழுந்திருப்பதைப் பார்த்தால், பாறையில் மோதியதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நம் கரையில் பாறை எங்கே இருக்கிறது? கட்டைமேல் மழைத்தண்ணீரோடு உட்கார்ந்ததால் வந்தது அது.

அத்தோடு போகாது. அந்த மழைத்தண்ணீர் நல்ல தண்ணீர். ஜெல்கோட் இல்லாத உள்பக்கத்தில், தேய்ந்து இழை தெரிகிற இடத்தில், மாதக்கணக்கில் நிற்கிறது. வெளியிலிருந்து வருவதைவிட எளிதாக உள்ளிருந்து ஊறும். எனவே நம் ஊரில் படகின் பனிக்காலம் என்பது படகுக்கு உள்ளே தேங்கும் மழைதான். கனடாக்காரரின் முதல் வேலையே நமக்கும் முதல் வேலை: தக்கையைப் பிடுங்குவது. அதற்குக் காசு செலவில்லை. ஆனாலும் பத்துப் படகில் எட்டுப் படகு தக்கையோடுதான் கிடக்கின்றன, தொலைந்துவிடும் என்று பயம். ஒரு கயிற்றில் கட்டி எஞ்சின் மாட்டும் பலகையில் தொங்கவிடச் சொல்லுங்கள். அணியத்தை ஒரு சாண் உயர்த்தி வைத்தால் தண்ணீர் தானாகப் பின்னால் ஓடிவிடும். துளையை மணல் அடைக்காமல் பார்க்க வேண்டும்.

இரண்டு கட்டைகளுக்குப் பதிலாக நான்கு இடத்தில் தாங்கல் கொடுங்கள். பழைய லாரி டயர்தான் இதற்கு எனக்குத் தெரிந்து நல்ல பொருள். ஏராவுக்குக் கீழே நேராக இரண்டு, பக்கங்களில் மணல் மூட்டைகள். மூட்டைக்குள் மணல் ஈரமாகவே இருக்கும் என்பதால் மூட்டைக்கும் படகுக்கும் நடுவே பழைய வலைத்துண்டு ஒன்றைச் சுருட்டிவைத்தால் காற்றுப் போகும்.

மேலே மூடுவதற்குத் தென்னங்கீற்றுக் கொட்டகைக்கு நிகர் ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நீலத் தார்ப்பாயை நேராகப் படகின் விளிம்பில் இழுத்துக் கட்டினால் உள்ளே இட்லிப் பானை. பகலில் வேகும், இரவில் வியர்க்கும், அந்த வியர்வை முழுவதும் உள்பக்க ரெசினில்தான் இறங்கும். தார்ப்பாய்தான் போடுவேன் என்றால் நடுவில் மூங்கில் கொடுத்துக் கூரை போல உயர்த்தி இரண்டு முனைகளையும் திறந்து விடுங்கள். வெயில்காலத்திலும் அந்த நிழல் வேண்டும். பழைய படகைக் கையால் தடவினால் நிற மாவு ஒட்டுமே, அது வெயில் ஜெல்கோட்டை உதிர்ப்பது. அரை மில்லிமீட்டரில் ஆண்டுக்குக் கொஞ்சம் அப்படிப் போகிறது. இதற்கு நடுவே அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு என்ற ஓட்டுயிரை அரிவாளால் செதுக்குகிற பழக்கம் வேறு. ஒவ்வொரு செதுக்கலுக்கும் ஜெல்கோட்டில் ஒரு கீறல் விழும், தண்ணீருக்கு அது வாசல். மரச்சட்டத்தால், ஈரம் காய்வதற்குள் சுரண்டினால் எளிதாக வந்துவிடும்.

இனி பெயிண்ட் கேள்வி. ஈரமான பைபரின் மேல் பெயிண்ட் அடிப்பது புண்ணை மூடித் துணி கட்டுவது. மார்கழியில் அடித்துப் பொங்கலுக்குப் பளபளக்கும், பங்குனியில் பாளம் பாளமாக உரியும். இதை நானே பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை கார்த்திகை மாதம், அவசரம் என்று கெஞ்சிய ஒருவருக்காக, இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த ஒரு வெயில் நாளில் அடியை இழைத்து மேட் ஒட்டிக் கொடுத்தேன். மேட் ஒட்டும்போதே பால் கலந்தது போல வெளுத்தது. இழையில் ஈரம் இருந்தால் அப்படித்தான் வெளுக்கும் என்று தெரிந்தும் விட்டேன். தையில் அந்த ஒட்டு அப்பளம் போலக் கழன்று கையில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பெயரைத் திருப்ப முடியவில்லை. காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கிற நாளில் பைபர் வேலைக்குக் கை வைக்கக் கூடாது. நம் கரையில் ஐப்பசி முதல் மார்கழி வரை அப்படிப்பட்ட நாள்கள்தான் அதிகம்.

அப்படியானால் எப்போது? சித்திரை, வைகாசி என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையோரம் போகிற பைபர் படகுக்காரனுக்கு மீன் விலை ஏறுகிற காலம் அது. வருமானம் வருகிற மாதத்தில் படகைக் கவிழ்த்துப் போடச் சொன்னால் அப்பா என்னை வைவார், நியாயம்தான். வேறு சிக்கலும் உண்டு. மே மாத நண்பகல் வெயிலில் ரெசின் தோய்ப்பதற்குள் இறுகிவிடும், உள்ளே காற்று சிக்கும். அதனால் என் கணக்கு இது: தை பிறந்ததும் படகை மேடேற்றி அடியை இழைத்துவிடுங்கள், மாசி முழுவதும் காயட்டும், பங்குனியில் காலை நேரங்களில் வேலையை முடித்துத் தடைக்காலம் தொடங்கும்போது கடலில் இறக்குங்கள். மூன்று மாதத் தொழில் போகும். அதற்கான செலவை நீங்கள் அனுப்புவதாகச் சொன்னால் அப்பா சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் போர்வைக்கு வைத்திருந்த பணம் இருக்கிறதே.

இழைப்பதற்கு முன் படகு முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து ரூபாய் நாணயம் போதும். நல்ல இடம் கணீர் என்று பேசும். அடுக்கு பிரிந்த இடம் ஊறிய தேங்காயைத் தட்டினாற்போல மந்தமாகப் பேசும். மந்தமான இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் கையகலத்தில் ஆங்காங்கே இருந்தால் படகு பிழைக்கும். எஞ்சின் பலகையைச் சுற்றியும் ஏரா நெடுகவும் மந்தமாகவே பேசினால் மருத்துவம் வீண்.

கொப்புளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கெட்டியான பைபர் வரும் வரை இழைக்க வேண்டும். கொப்புளங்கள் மிக நெருக்கமாக இருந்தால் அந்தப் பகுதி ஜெல்கோட்டையே எடுத்துவிடுவது நல்லது. பிறகு கழுவ வேண்டும், ஒருமுறை இல்லை, ஒரு வாரம் தினமும், குழாய்த் தண்ணீரில் தேய்த்து. உள்ளே இருக்கும் புளிப்புச் சாறு கழுவினால்தான் போகும். கழுவாமல் காயவைத்தால் தண்ணீர் மட்டும் போய் உப்பாக அது அங்கேயே உட்கார்ந்திருக்கும், அடுத்த மழையில் மறுபடி இழுக்கும். நல்ல தண்ணீர் பகை என்று சொன்னவனே நல்ல தண்ணீரில் கழுவச் சொல்கிறானே என்று கேட்பீர்கள். புண்ணைத் திறந்துவைத்துக் கழுவுவது வேறு, மூடிய தோலுக்குள் ஊறவிடுவது வேறு.

காய்ந்துவிட்டதா என்று தெரிய எந்திரம் வேண்டாம். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை அடியில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். மறுநாள் வெயில் ஏறிய பிறகு பாருங்கள். தாளின் உள்பக்கம் பனித்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மூன்று இடத்தில் மூன்று நாள் தொடர்ந்து வறண்டிருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

மூடுவதற்கு எபாக்சியைப் பயன்படுத்துங்கள். பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாக ஒட்டும், எபாக்சி மேல் பாலியெஸ்டர் ஒட்டாது. இந்த வரிசையை மாற்றிச் செய்து வீணான படகுகளைக் கண்டிருக்கிறேன். அதேபோல, எபாக்சி போட்ட பிறகு மேலே ஜெல்கோட் அடிக்கலாமா என்று கேட்காதீர்கள், பெயிண்ட்தான். குழிகளை எபாக்சிக் கலவையால் நிரப்பி, தேய்த்து, அதன்மேல் எபாக்சி மூன்று, நான்கு கை ஓட்டினால் தண்ணீருக்குக் கதவு அடைத்த மாதிரி. வெயில் எபாக்சியையும் உதிர்க்கும், எனவே பெயிண்ட் கட்டாயம். அப்பாவிடம் பெயிண்ட் போதும் என்று சொன்னவர் சொன்னது முழுத் தவறில்லை, கடைசி வேலையை முதல் வேலையாகச் சொல்லிவிட்டார்.

வெடிப்போ ஓட்டையோ இருக்கிற இடத்தில் இழை வைத்துத்தான் அடைக்க வேண்டும். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக இழைக்கச் சொல்லுங்கள். 6 மில்லிமீட்டர் கனம் என்றால் ஓரத்தைச் சுற்றி மூன்று அங்குலம் சரிவு. பட்டறையில் இதற்குத்தான் சண்டை வரும். ஓரங்குலம் இழைத்துவிட்டுப் போதும் என்பார்கள்.

உள்ளூரில் பாலியெஸ்டர் வைத்துத்தான் செய்வோம் என்றால் ஒரு எச்சரிக்கை. இறுக்கும் மருந்து இரண்டு உண்டு: கேட்டலிஸ்ட், ஊதா நிறத்தில் கோபால்ட் கலந்த ஆக்சிலரேட்டர். இரண்டையும் தனியே ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட், அதுவும் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. என் பட்டறையில் புதிதாக வந்த பையன் ஒருவன் ஒரே குவளையால் இரண்டையும் அளந்தான். குவளை புகைந்து எரிந்தது, பையன் தப்பினான். அன்றிலிருந்து இரண்டு போத்தல்களும் கொட்டகையின் இரண்டு மூலையில்தான்.

இன்னொன்று மறந்துவிட்டேன். படகின் அணியத்திலும் பின்னாலும் மூடிய அறைகள் இருக்கும், உள்ளே நுரையோ தெர்மோகோலோ. அவை அலங்காரத்துக்கு இல்லை. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும், மரம் அல்லவா. பைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். தண்ணீர் நிரம்பினால் அந்த அறைகள் மட்டும்தான் படகைப் பிடித்து வைக்கும். பன்னிரண்டு வயதில் அறைக்குள் நுரை தண்ணீர் குடித்திருக்க வாய்ப்பு அதிகம். கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஒழுகினால் மேலே வெட்டித் திறந்து நுரையை மாற்றுங்கள். தெர்மோகோல் போட்டால் பாலியெஸ்டர் ரெசினை நேராக அதன்மேல் ஊற்றாதீர்கள், கற்பூரம் போலக் கரைந்துவிடும். அறை மூடியிருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, யாருக்கும் தெரியாது. பெட்ரோலும் தெர்மோகோலை அப்படியே கரைக்கும்.

புயல் பற்றி ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது வாடைக்காலத் தயாரிப்பு என்று நான் சொன்ன எதுவும் கணக்கில் நிற்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது, கீற்றுக் கொட்டகையைப் பிரித்துவிடுவது, படகை முடிந்த அளவு உள்ளே இழுத்து, பக்கத்துப் படகோடு சேர்த்துக் கட்டாமல், நடுவே டயர் கொடுத்துத் தனியாகக் கட்டுவது. சேர்த்துக் கட்டினால் பலம் என்று நினைப்போம். பைபரோடு பைபர் இரவு முழுவதும் மோதினால் காலையில் இரண்டும் இருக்காது.

விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: தட்டிப் பார்த்ததில் ஏராவும் எஞ்சின் பலகையும் கணீர் என்றிருந்தால் விற்காதீர்கள். மந்தம் என்றால் விற்கும்போது வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், கடலில் போகிறவர் அவர். புதிது சொல்லும்போது ஐசோ ரெசின் என்றும், மேட்டில் பசைப்பால் ஊற்றியது வேண்டாம், பொடிப்பசை வைத்ததே வேண்டும் என்றும் எழுதிக் கேளுங்கள். பசைப்பால் மேட் தண்ணீரைக் கண்டால் கரையும், கொப்புளத்துக்கு அதுவே விதை. எத்தனை அடுக்கு மேட், எத்தனை அடுக்கு ரோவிங் என்பதும் தாளில் இருக்கட்டும். படகு தயாரானதும் தக்கைத் துளை போடும்போது வெட்டி விழுகிற வட்டத் துண்டை அப்பா கையோடு வாங்கிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வெளியே, காற்று பார்த்து, விறகு அடுப்பில் அதைப் போடுங்கள். கரும்புகை கக்கி ரெசின் முழுவதும் எரிந்து போகும், கண்ணாடி இழை மட்டும் வெள்ளையாக மிஞ்சும். ஆறிய பிறகு வாழைப்பட்டையை உரிப்பது போல ஒவ்வோர் அடுக்காகப் பிரித்து எண்ணலாம். தாளில் எழுதிய எண்ணிக்கையும் அடுப்பில் கிடைத்த எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.